ஒரு சொம்பு உறைமோர்

வைகைக் கரையில், ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புக்குள், சொல்மனை என்று ஒரு வீடு இருந்தது. அதைச் சாமியார் மடம் என்றுதான் ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சாமியார் யாரும் இல்லை. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடி அகராதி எழுதும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் சோறு தண்ணீரை மறந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் ஊர் நினைத்ததில் பெரிய பிழை இல்லை.

அங்கே ஆசிரியர் உமையாள் அம்மை. நாற்பது வயது ஆகவில்லை. வாய்விட்டுச் சிரிப்பவர். அவருடைய ஆசிரியர் கருணாகர தேசிகர் காலமாகும் முன் வீட்டுச் சாவியையும் பாதி அகராதியையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சீடர்களில் மூத்தவர் வானவரம்பன். அம்மையைவிட நன்றாகவே வயதில் பெரியவர். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். பெற்றோர் வைத்த பெயர் சுரேஷ்பாபு. சொல்மனைக்கு வந்த அன்று அந்தப் பெயரைச் செருப்போடு வாசலில் விட்டார். செருப்பை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டார்.

புதுப் பெயர் ஊர்க்காரர்கள் வாயில் முழுதாக நுழையவில்லை. "வானம் சார்" என்றார்கள்.

"சார் வேண்டாம். ஐயா என்று சொல்லுங்கள்."

"சரிங்க சார்."

ஆங்கிலம் கலந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று அவர் விரதம் எடுத்திருந்தார். அம்மை விதித்த விரதம் இல்லை. அம்மை பஸ் என்பார், டீ என்பார், போன் என்பார். ஒவ்வொரு முறையும் வானவரம்பனின் முகம் லேசாகச் சுருங்கும். அம்மை அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரிப்பார்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் வானவரம்பனை மிஞ்ச ஆள் இல்லை. ஏ எழுத்தில் தொடங்கி ஆர் வரைக்கும் தேரை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எஸ் எழுத்தில், ஒரு சின்னஞ்சிறு சொல்லில், தேர் நின்றுவிட்டது.

அந்தச் சொல் செட்.

கோடை தொடங்கியபோது உட்கார்ந்தவர், மழை வந்த பிறகும் அதே பக்கத்தில் இருந்தார். ஒருநாள் காலை எழுந்து அம்மையின் முன்னால் போய் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"அம்மை, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"செட் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். ஒரே ஒரு சொல்."

"எத்தனை கெடைச்சுது?"

"அதுதான் துயரம். ஒன்றாகச் சேர்ந்த பொருள்கள் என்றால் தொகுதி. இரண்டு என்றால் இணை. ஆட்கள் என்றால் குழாம். சூரியன் என்றால் மறைவு. சிமெண்டு என்றால்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "பைஞ்சுதை என்றால் இறுகுதல். நாடகம் என்றால் அரங்க அமைப்பு. மேசை மேல் வைத்தால் வைத்தல். கடிகாரத்தைத் திருத்தினால் சரிசெய்தல். மனம் பிடித்துப்போனால் பொருந்துதல். இதோடு நிற்கவில்லை. செட்டில், செட்டிங், செட்டப் என்று பிள்ளை குட்டிகள் வேறு."

"நல்ல பெரிய குடும்பம்."

"அந்தக் குடும்பம் முழுவதும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறது, அம்மை. நாம்தான் பிள்ளைகளை ஆளுக்கொரு ஊருக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்."

"கொடுத்த எடத்துல நல்லாத்தானே இருக்காங்க?"

வானவரம்பன் சிரிக்கவில்லை.

"ஊர் முழுவதும் அந்தச் சொல்லைத்தான் பேசுகிறது. அதை விரட்ட வேண்டுமானால் அதற்கு ஈடாக ஒரு சொல்லை அதே இடத்தில் நிறுத்த வேண்டும். அது என்னால் முடியவில்லை. ஒரு சொல்லில் தோற்றவன் இத்தனை ஆண்டுகள் எழுதியதெல்லாம் எதற்கு? தேசிகர் குருபூசைக்குள் கிடைக்காவிட்டால் நான் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறேன்."

அம்மையின் சிரிப்பு நின்றது. வானவரம்பனுக்கு ஊரில் யாரும் காத்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு மட்டும்தான். இந்தத் தோப்பையும் இந்த மேசையையும் விட்டால் அந்த மனிதர் ஆறு மாதத்தில் காய்ந்துபோவார் என்பதும் தெரியும்.

"குருபூசைக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார். "இந்த வருஷம் ஏற்பாடெல்லாம் நீங்கதான். பூசை அன்னிக்கு உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்."

"உறுதியாகவா?"

"பந்தியிலேயே சொல்றேன்."

குருபூசை என்றால் ஊர் முழுவதற்கும் சாப்பாடு. வானவரம்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் கடைத்தெருவில் செல்லப்பாண்டியைப் பார்த்தார். திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பாட்டுப் போடுவதும் விளக்குக் கட்டுவதும் அவன்தான்.

"தம்பி, குருபூசைக்கு ஒலிபெருக்கி அமைப்பு வேண்டும்."

"மைக் செட்டா சார்?"

"ஒலிபெருக்கி அமைப்பு."

"அதான் சார், மைக் செட்டு. போட்டுருவோம். சீரியல் செட்டு?"

"தொடர் மின்விளக்குச் சரம்."

"செவப்பும் பச்சையுமா ஓடுமே, அதுவா?"

"அதுவே."

"சீரியல் செட்டு ரெண்டு," என்று செல்லப்பாண்டி உள்ளே பார்த்துக் கத்தினான். "தண்ணிக்கு என்ன பண்றீக? தோப்புல பம்புசெட்டு ஓடுதா?"

"நீரேற்றி சற்றுப் பழுது."

"பம்புசெட்டையும் பார்த்துக் குடுத்துருவோம் சார். கவலைய விடுங்க."

வானவரம்பன் திரும்பி நடந்தார். அமைப்பு, சரம், நீரேற்றி. ஒரே கடையில் மூன்று சொல் செலவாகிவிட்டது. செல்லப்பாண்டிக்கு ஒன்றுதான். அதுவும் மிச்சம் இருந்தது.

வழியில் ரஹ்மத் அக்காவின் கடை. அந்தப் பக்கம் வந்தால் வானவரம்பன் தலையைத் திருப்பிக்கொள்வார். கடைப் பலகையில் செட் தோசை என்று பெரிதாக எழுதியிருக்கும். வந்த புதிதில் ஒருநாள் அவர் அங்கே நின்று, தன் செலவிலேயே அதை இணைத்தோசை என்று மாற்றி எழுதித் தருவதாகச் சொன்னார். ரஹ்மத் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வானவரம்பன் அங்கே தோசை தின்றதில்லை. அது நல்ல தோசை என்பது வாசனையிலேயே தெரியும் என்பதால் அந்தத் தெருவைக் கடப்பது அவருக்குக் கொஞ்சம் சிரமம்தான்.

பூசைக்கு முந்தின நாள் பின்மதியம், வானவரம்பன் சமையற்கட்டைச் சுத்தம் செய்ய இறங்கினார். அவருக்குச் சுத்தம் என்றால் அரைகுறை கிடையாது. பழைய புளி, பழைய ஊறுகாய், அடுப்போரம் இருந்த எல்லாச் சட்டிகளும் வெளியே போயின. மூலையில் ஒரு சின்ன மண்கலயம். உள்ளே கொஞ்சம் புளித்த தயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வழித்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, கலயத்தைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்தார். மனசு நிறைந்திருந்தது.

மாலையில் ஊர் வீடுகளிலிருந்து பால் வந்தது. வருஷாவருஷம் அப்படித்தான். ஆளுக்கு ஒரு சொம்பு, ஒரு தூக்கு. ஒரு பெரிய அண்டா நிறைந்தது. அதைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றினால் மறுநாள் பந்திக்குத் தயிர். சாம்பாரில் உப்புக் குறைந்தால் ஊர் மன்னிக்கும். தயிர் இல்லாமல் எழுப்பினால் அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக்காட்டும்.

விளக்கு ஏற்றினார்கள். பால் வெதுவெதுப்புக்கு வந்தது. அம்மை அடுப்படிக்கு வந்து மூலையைப் பார்த்தார்.

"இங்க ஒரு கலயம் இருந்துச்சே?"

"கழுவி வைத்துவிட்டேன், அம்மை. மிகவும் பழையது. புளித்துப்போயிருந்தது."

"அதுதானே உறைமோர்."

வானவரம்பன் வெளியே போய்க் கலயத்தை நிமிர்த்திப் பார்த்தார், ஒரு சொட்டும் மிச்சமில்லை.

"மிளகாய்க் காம்பு போட்டாலும் தோயும்னு சொல்வாங்க," என்றார் அம்மை. "அண்டாப் பாலை அதை நம்பி விட எனக்குத் தைரியம் இல்ல. போய் எங்கயாவது ஒரு சொம்பு வாங்கிட்டு வாங்க."

வானவரம்பன் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். கடையில் பாக்கெட் தயிர் தீர்ந்திருந்தது. காலையில்தான் வண்டி வரும். வீடுகளைத் தட்டினார். முதல் வீட்டு அம்மாள் வாசல்வரை வந்து, சொம்பைப் பார்த்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"வெளக்கு வச்ச பெறகு வந்து உறைமோர் கேக்குறீகளே சார்! பாலும் மோரும் வீட்டு லச்சுமில்ல? இந்நேரத்துக்கு வெளிய குடுக்க மாட்டோமே."

"நாளை ஊருக்கே விருந்து, அம்மா."

"அதுக்குத்தான் ரெண்டு சொம்பு பாலு குடுத்தேன். வெளக்கு வைக்க முந்தி கேட்டிருந்தா பானையவே குடுத்திருப்பேன்."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கு அடுத்த வீட்டில் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள், சீடை கொடுத்தார்கள், மோர் மட்டும் கொடுக்கவில்லை. யாருக்கும் கெட்ட மனசு இல்லை. அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. தெரு முடிந்துவிட்டது. கடைசியில் ஒரு வீடுதான் பாக்கி. ரஹ்மத் அக்கா வீடு. கடையும் அதுதான்.

வானவரம்பன் பலகைக்குக் கீழே நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். அண்டாவில் பால் ஆறிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. உள்ளே குரல் கொடுத்தார்.

ரஹ்மத் அக்கா மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து பார்த்தார்.

"வாங்கண்ணே! என்ன அதிசயம், வழி தப்பி வந்துட்டீங்களா?"

"உறைமோர் வேண்டும், அம்மா. விளக்கு வைத்தாயிற்று, எனக்குத் தெரியும். தவறு என்னுடையதுதான். இருந்த உறைமோரை நானே கழுவி ஊற்றிவிட்டேன்."

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? எங்க வீட்டுல தொழுகைக்குத்தான் நேரம். தயிருக்கு ஏது நேரம்? கொண்டாங்க சொம்பை."

உள்ளே போய், பானையிலிருந்து கெட்டித் தயிராக அள்ளிச் சொம்பை நிறைத்தார். வாழை இலைத் துண்டால் வாயை மூடினார். கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பால் கை பொறுக்குற சூட்டுல இருக்கணும். ஊத்தி நல்லாக் கலக்கிட்டு, மூடி வச்சிருங்க. அப்புறம் அண்டாவ அசைக்கக் கூடாது. காலைல கட்டியா செட் ஆயிரும்."

வானவரம்பனின் வாய் பழக்கத்தில் திறந்தது.

"சொல்லுங்கண்ணே, சும்மா சொல்லுங்க. அதுக்கு என்ன வார்த்தை?"

"தோயும்," என்றார் வானவரம்பன், மிகவும் சின்னக் குரலில்.

"ஆமா, எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லும். தோஞ்சா என்ன, செட் ஆனா என்ன? பானையக் கவுத்தா விழக் கூடாது. அதான் தயிரு."

அவர் இரண்டு கைகளாலும் சொம்பை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்குச் சாப்பிட வாருங்கள், அம்மா."

"வராமலா? எனக்கும் சேத்துத்தானே தோயுது."

பூசை நாள் வெயிலும் காற்றுமாக விடிந்தது. வானவரம்பன் விடியுமுன்பே அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தார். விரலால் ஓரத்தைத் தொட்டார். தயிர் அசையவில்லை. ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொட்டவர்போல் சிரித்தார். பிறகு தன் அறைக்குப் போய்ப் பையைக் கட்டினார். வேட்டியை மடிக்கும்போது கண்ணீர் வந்தது. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. குருபூசை வந்துவிட்டது, ஒற்றைச் சொல் வரவில்லை.

செல்லப்பாண்டியின் மைக் செட் பாடியது. அவன் சரிசெய்த பம்புசெட், வாய்க்கால் கொள்ளாமல் தண்ணீரைக் கக்கியது. பகலிலேயே சீரியல் செட் சிவப்பும் பச்சையுமாக ஓடியது, யாரும் அணைக்கச் சொல்லவில்லை. தென்னை மரங்களுக்கு நடுவே இலை விழுந்தது. ஊர் உட்கார்ந்தது. சிரிப்பும் சத்தமும் பாயச வாசனையும் தோப்பை நிறைத்தன. ரஹ்மத் அக்கா முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டாம் பந்திக்கு அப்பளம் வைக்க இறங்கிவிட்டார்.

"மொத செட்டு எந்திரிச்சாச்சு, அடுத்த செட்டு வந்து உக்காருங்க!" என்று செல்லப்பாண்டி ஒலிபெருக்கியில் கூவினான். ஜனம் ஓடிவந்தது.

வானவரம்பனுக்குப் பொறுக்கவில்லை. போகிற நாளிலும் ஒரு கடமை பாக்கி இருப்பதாகத் தோன்றியது. இரண்டாம் பந்தி எழுந்ததும் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மூன்றாம் பந்திக்கு எல்லோரும் வாருங்கள்!"

அதற்கும் ஜனம் அதேபோல் ஓடிவந்தது. ஒருவர் போகிற போக்கில் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். "நல்ல சாப்பாடு, வானம் சார்!" வானவரம்பன் திருத்த மறந்துவிட்டார்.

கடைசிப் பந்தியில் பரிமாறியவர்கள் உட்கார்ந்தார்கள். வானவரம்பன் பையைத் தொடையோரம் வைத்துக்கொண்டு இலை முன்னால் அமர்ந்தார். சாம்பார் ஆயிற்று, ரசம் ஆயிற்று. தயிர் வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மையே வந்தார். பையைப் பார்த்தார். கரண்டியால் வெட்டி எடுத்து அவர் சோற்றில் வைத்தார். வைத்த இடத்தில் தயிர் நின்றது.

வானவரம்பன் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார்.

"எப்படி இருக்கு?" என்றார் அம்மை.

"இப்படி ஒரு தயிரை நான் சாப்பிட்டதில்லை."

"மூணே கால் மணிக்கு பஸ்ஸா?"

"ஆம், பேருந்து." அவர் நிமிர்ந்தார். "அம்மை, பந்தியில் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள். ஊர் வாயில் புகுந்துவிட்ட அந்த ஒரு சொல்லை நான் என்ன செய்வது?"

அம்மை வாளியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே குந்தினார்.

"இது யார் வீட்டுத் தயிர்?"

"நம் வீட்டுத் தயிர்."

"பால்?"

"ஊர்ப் பால்."

"உறைமோர்?"

வானவரம்பன் தலையைத் திருப்பினார். கொஞ்சம் தள்ளி, ரஹ்மத் அக்கா காலி இலைகளை மடித்துக்கொண்டே செல்லப்பாண்டியிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவர்கள் வீட்டு உறைமோர்."

அம்மை கரண்டியை எடுத்து வானவரம்பனின் கையில் கொடுத்தார். தயிர் வாளியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"அப்போ அந்த ஒரு சொம்பை மட்டும் இதுலேர்ந்து தனியா எடுத்து, அவங்ககிட்ட திருப்பிக் குடுத்துடுங்க. குடுத்த கையோட நீங்க பஸ் ஏறலாம்."